புட்டுக் குழல் விளக்கு

பலவேசம் அண்ணாச்சியை நான் முதலில் பார்த்தபோது, அவர் எங்கள் கிணற்றுக்குள்ளிருந்து நாங்கள் கேட்காத பொருட்களாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார்.

எழுபத்தொன்பதாம் வருஷம். பி.எஸ்சி. பௌதிகம் முடித்து ஊருக்கு வந்திருந்தேன். கீழப்பாவூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையில் அப்பா ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்திருந்தார். வாளி இழுக்கும்போது வார் கழன்று அது கிணற்றுக்குள் போய்விட்டது. பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால் வாளி அகப்படும், கடிகாரம் நொறுங்கிவிடும். அதனால் அப்பா மேலகரத்துக்கு ஆள் அனுப்பினார். சைக்கிளில் வந்து இறங்கினார் பலவேசம். குட்டையான ஆள், தவில் போன்ற நெஞ்சு, காதில் எண்ணெய்ப் பஞ்சு. இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டு பேசியபடியே இறங்கினார், பேசியபடியே முங்கினார்.

முதலில் ஓர் அகப்பை வந்தது. பிறகு ஒரு பன்னருவாள். அதன்பின் ஓர் எவர்சில்வர் டம்ளர். அந்த டம்ளரைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. எதிர்வீட்டுக்காரி எடுத்துவிட்டாள் என்று இரண்டு தீபாவளிக்கு முன்னால் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்தாள். அதைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு அம்மா உள்ளே போனதை அண்ணாச்சி தண்ணீரில் மிதந்தபடியே பார்த்துவிட்டு, "ஆச்சி, கெணறு ஒண்ணும் வெளிய சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் சொல்லாமல் இருக்கமாட்டார் என்பது பழகிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் கடிகாரமும் வந்தது. வெயிலில் காயவைத்தோம், ஓடியது. இன்றைக்கும் கையில் அதுதான்.

அவர் மனைவி ஆவுடையம்மாள் மதினி சொல்வாள்: "இந்த மனுசன் வாய மூடுத எடம் தண்ணிக்குள்ள மட்டுந்தான். அதனாலதான் நானும் இந்தத் தொழில விடச் சொல்லல." மதினிக்குப் பிறந்த வீடு மலைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவு. புட்டும் கடலையும் இல்லாமல் காலை விடியாத ஊர். கல்யாணச் சீரில் அவள் கொண்டுவந்த பாத்திரங்களில் அவளுக்கு உயிர் ஒரு பித்தளைப் புட்டுக் குழல். நல்ல கனம், நல்ல நீளம், தட்டினால் மணி போலச் சத்தம் வரும்.

அந்த வருஷம் அண்ணாச்சிக்கு நேரம் சரியில்லை. ஊரெல்லாம் பம்புசெட்டு வந்துவிட்டது. கோடைக்குக் கோடை வெடி வைத்துக் கிணற்றை ஆழப்படுத்தினார்கள். பழைய கிணறுகளில் தரைவரைக்கும் கொஞ்சம் வெளிச்சம் இறங்கும். மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும். இந்தப் புதுக் கிணறுகளில் பாதியிலேயே இருட்டு. ஒரு மூலையைத் தடவி முடிப்பதற்குள் மூச்சு முடிந்துவிடும். இரண்டு இடங்களில் வெறுங்கையோடு ஏறி வந்தார். வயசாகிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. வயசு நாற்பதுகூட ஆகவில்லை. ஆரியங்காவில் வாழைக்குலை மண்டி வைத்திருந்த மைத்துனர், கெட்ட பெயர் எடுப்பதற்குமுன் மண்டிக்கு வந்துவிடச் சொல்லி ஆள் விட்டார். அண்ணாச்சிக்கு அதை நினைத்தாலே கசந்தது. "நாள் முச்சூடும் காஞ்ச தரையில நின்னு குலையைத் தொங்கவிட்டுக்கிட்டு இருக்கவா? தண்ணிக்குத் தோத்தாக்கூடப் பரவாயில்ல தம்பி. இருட்டுக்கா தோப்பாங்க?"

அந்தச் சமயத்தில்தான் நல்லகண்ணு அண்ணாச்சியின் பலசரக்குக் கடையில் ஒரு பொட்டலம் வந்தது. மேலகரத்தில் பெரிய கடை அவருடையது. மல்லி மடித்திருந்த தாள் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகை. அதில் கடலுக்கடியில் ஒருத்தன். முதுகில் காற்று உருளை, இடுப்புப் பக்கத்தில் ஒரு குப்பி, குப்பியிலிருந்து ஒரு வயர் கைக்குப் போகிறது, கையில் விளக்கு. பலவேசம் அண்ணாச்சி மல்லியைத் துண்டில் கொட்டிவிட்டு அந்தத் தாளோடு என்னைத் தேடி எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். அடியில் இருந்த நாலு வரியைப் படித்துச் சொன்னேன். பேட்டரி எல்லாம் குப்பிக்குள், கையில் இருப்பது பல்பு மட்டும், குப்பிக்குள் தண்ணீர் புகாது.

"இவன் மூச்சயும் முதுகுல கெட்டிக்கிட்டுப் போறான். நமக்கு மூச்சு நெஞ்சுல இருக்கு. குப்பி மட்டும் போதும்" என்றார்.

குப்பிக்கு அவர் எங்கும் அலையவில்லை. மதினி குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துப் புட்டுக் குழலை எடுத்துவிட்டார். அடிப்பக்கத்துக்குப் பித்தளைத் தகடு வைத்து ஈயம் பற்றவைத்தாயிற்று. வயர் வரும் ஓட்டையைத் தார் உருக்கி அடைத்தார். உள்ளே டார்ச்சுப் பேட்டரிக்கட்டைகளை மும்மூன்றாக அடுக்கினோம். லாரி டயரில் வெட்டிய ரப்பர் மூடி. சுவிட்சு வைத்தால் அதன் வழியாகத் தண்ணீர் போகும் என்பதால் சுவிட்சே கிடையாது. மூடியை அழுத்தி இறுக்கினால் விளக்கு எரியும். பிறகு கட்டைகள் சாகும்வரை எரிந்துகொண்டே இருக்கும். டார்ச்சின் தலையை அறுத்து அதில் லாரி டிரைவர் ஏசுதாசன் கொடுத்த பல்பைப் பொருத்தி, கண்ணாடியைச் சுற்றி சைக்கிள் டியூபை ஒட்டினார். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பதைப் போல எல்லாவற்றையும் அண்டாத் தண்ணீரில் அழுத்திக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். வராத அன்றைக்கு இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பன்னீர் சோடா குடித்தோம்.

மதினி திரும்பி வந்து அடுக்களையைப் பார்த்தாள். அவர் சிரட்டையில் புட்டு அவித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அணைந்த அடுப்பு அந்த வீட்டில் மறுபடி எரியக் கொஞ்ச காலம் ஆனது என்று மட்டும் சொல்கிறேன்.

விளக்கை எரியவைத்துவிட்டோம். அதை உடம்பில் எங்கே கட்டுவது என்பதில்தான் எங்கள் மானம் போனது. குழலை முதுகில் கட்டிப் பார்த்தார். முங்கியதும் அது சரிந்து கழுத்துக்கு வந்தது. வயர் காதோடு சுற்றிக்கொண்டது. வயிற்றில் கட்டினால் குனிந்து தரையைத் தடவ முடியவில்லை. பிள்ளைத்தாய்ச்சி மாதிரி மல்லாந்து கிடந்தார். வலது இடுப்பில் கட்டினால் கைக்கும் காலுக்கும் தொந்தரவில்லை. ஆனால் ஒருபக்கக் கூடையைச் சுமந்தவர்போல உடம்பு வலப்பக்கமே சாய்ந்தது. அதற்கு நான் ஒரு வழி சொன்னேன். எழுதியே வைத்துக்கொள்ளலாம், அது என் யோசனை. குழல் தண்ணீருக்குள் என்ன எடை நிற்கிறது என்று தராசில் தொங்கவிட்டுப் பார்த்து, அதே எடைக்கு இடது இடுப்பில் ஒரு கல் கட்டுவது. நல்லகண்ணு கடையின் அரைக்கிலோ படிக்கல் கச்சிதமாக இருந்தது. ஒரு நாளைக்கு என்று இரவல் வாங்கியதுதான்.

விளக்கின் தலையை மட்டும் அவர் நெற்றியில்தான் கட்டுவேன் என்று நின்றார். "கண்ணு எங்க பாக்குதோ அங்க வெளிச்சம் போகணும்லா?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு தோட்டக் கிணற்றில் மோட்டாருக்குப் போகும் குழாயின் அடிவால்வு கழன்று விழுந்திருந்தது. கிணற்றைச் சுற்றி வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். இடுப்பில் புட்டுக் குழல், மறு இடுப்பில் படிக்கல், நெற்றியில் விளக்கு, தலையைச் சுற்றித் துண்டு. மாப்பிள்ளை மாதிரி இறங்கினார். முங்கி முங்கி எழுந்தார். ஒவ்வொரு தடவையும் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. கீழே கால் பட்டதும் சகதி கிளம்புகிறதாம். நெற்றி வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவர். விளக்கில்லாமல் தெரிகிற அளவுகூடத் தெரியவில்லை. வெறுங்கையோடு ஏறினார். கூட்டத்தில் ஒருவர், புட்டு வெந்துவிட்டதா என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் பெயர் புட்டுக் குழல் பலவேசம். தென்காசிச் சந்தையில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மதினி கோபித்துக்கொண்டு ஆரியங்காவுக்குப் போய்விட்டாள். மறு வருஷம் சாரல் தொடங்கிய பிறகு அவளைக் கூட்டிவர அண்ணாச்சி புறப்பட்டார். தனியாகப் போக பயம். துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டார். மைத்துனர் வீட்டில் பேச்சு சுருக்கமாக முடிந்தது. குழலை அறுத்து, கழுவி, பழையபடி ஆக்கித் தந்துவிட வேண்டும். ஆடி பிறந்ததும் அண்ணாச்சி மண்டிக்கு வந்துவிட வேண்டும். அவர் சரி என்று தலையாட்டினார். காலையில் அந்த வீட்டுப் புட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

திரும்பி வந்தது ஏசுதாசன் ஓட்டிய வாழைத்தார் லாரியில். எங்களுக்குப் பல்பு கொடுத்த ஏசுதாசன்தான். முன்னால் நாங்கள் நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். புளியரை இறக்கத்தில் வெள்ளை மூடுபனியாக மஞ்சு அடைத்துக்கொண்டது. பகல் பத்து மணிக்கு ரோடு காணாமல் போய்விட்டது. ஏசுதாசன் மேல்விளக்கை அணைத்தார். பம்பருக்குக் கீழே ஓரமாகப் பொருத்தியிருந்த சின்ன விளக்குகளை மட்டும் போட்டார். ரோடு திரும்பி வந்தது. ஒவ்வொரு கல்லும் தன் நிழலோடு தெரிந்தது.

"பெரிய வெளக்க ஏன் வே அணைச்சீரு?" என்றார் அண்ணாச்சி.

"மஞ்சுக்குள்ள அதப் போட்டா, எதிர்ல வேட்டிய விரிச்ச மாதிரில்லா இருக்கும். நம்ம வெளிச்சம் நம்ம கண்ணுக்கே திரும்பி வந்துரும். கண்ணுக்கு எட்டத்துல, கீழ இருந்து போட்டாத்தான் ரோடு ரோடா இருக்கும்."

ஒரு வளைவு போனது, இரண்டாவது வளைவும் போனது. மதினி குனிந்து அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தாள். "என்ன, தண்ணிக்குள்ள போயிட்டீகளா?"

அவர் தன் இடதுகையைப் பக்கவாட்டில் நீட்டி, தணித்து, புறங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கை என் மூக்கை உரசி இறங்கி முழங்காலுக்கு மேல் நின்றது. நானும் பார்த்தேன், எனக்கும் விளங்கிவிட்டது. தூசியில் பட்ட வெளிச்சம் சிதறுவதைக் கல்லூரியில் படித்ததுதான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். மதினி முந்திக்கொண்டாள்.

"இதுக்கா வெளக்கத் தலையில கெட்டிட்டு அலஞ்சீக? புட்டுப் பானையில ஆவி கெளம்புதப்போ சிமிளி வெளக்க மூஞ்சிக்கு நேரே பிடிச்சா உள்ள என்ன தெரியும்? பக்கத்துல தாழ்த்திப் பிடிக்கணும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"நீ எங்கட்டி பேசுத மாதிரி இருந்தே?" என்றார் அவர்.

லாரி செங்கோட்டை வருவதற்குள் ஒப்பந்தம் ஆகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு கிணறு. அதில் விளக்கு காட்டினால் குழல் அவருக்கு, தோற்றால் குழல் மதினிக்கு, அவர் மண்டிக்கு. சாட்சி ஏசுதாசன்.

புறங்கையில் கட்ட அவர் கண்டுபிடித்தது ரப்பர்ச் செருப்பின் வார். இரண்டு வார்களை மாட்டி விளக்கின் தலையை இடது புறங்கையில் உட்காரவைத்தார். உள்ளங்கை வெறுமையாக இருக்கும். கயிற்றையும் பிடிக்கலாம், கல்லையும் புரட்டலாம். வயரை இடுப்பிலிருந்து முதுகு வழியே ஏற்றி, தோளில் ஒரு முடிச்சு, முழங்கையில் ஒரு முடிச்சு. எங்கும் தொங்காது. கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கையை நீட்டி நடந்து பார்த்தார். கிணறுதான் வரவில்லை. ஆடியும் நெருங்கியது.

ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் நல்லகண்ணு மகளுக்குக் கல்யாணம். நாகஸ்வரம் கோமதிநாயகம் பிள்ளை, சங்கரன்கோவில்காரர். பெரிய வித்துவான், ஆனால் பல் கட்டியவர். கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல் தூங்கி எழுந்து கிணற்றடிக்குப் போனார். பல்லைக் கழற்றிக் கழுவும்போது சோப்புக் கையிலிருந்து அது வழுக்கிவிட்டது. ஒரு சின்னச் சத்தம்தான் கேட்டதாம்.

பல் இல்லாமல் நாகஸ்வரத்துச் சீவாளியில் உதடு நிற்காது. காலையில் முகூர்த்தம். இன்னொரு கோஷ்டிக்கு எங்கே போவது? ஊருக்கு ஊர் கல்யாணம். வித்துவான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்காகத் தவில்காரர்தான் பேசினார். நாங்கள் போய்ச் சேருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் பாதாளக் கரண்டியை இறக்கிக் கிணற்றைக் கலக்கி முடித்திருந்தார்கள். அது போதாதென்று சமையலுக்கு மோட்டார் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

"மோட்டார நிறுத்துங்க மொதல்ல," என்றார் அண்ணாச்சி, "இல்லன்னா பல்லு சாம்பார்ல வந்துரும்."

மோட்டார் நின்றது. சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்றார். சாரல் பெய்து கிணறு நிறைந்திருந்தது. தண்ணீர் தேயிலை நிறம். கையால் தடவலாமா என்று யாரோ கேட்டதற்கு, தடவினால் பல் சகதிக்குள் புதையும், காலால் மிதித்தால் இரண்டாகும், பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். பார்த்து என்றதும் நாலைந்து பேர் சிரித்தார்கள். புட்டுக் குழல் என்ற வார்த்தையும் கேட்டது. மதினி கூட்டத்தின் முன்வரிசைக்கு வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றாள்.

வலது இடுப்பில் குழல். இடது இடுப்பில் படிக்கல். நல்லகண்ணு அதை உற்றுப் பார்த்தார், அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. நான் மூடியை இறுக்கினேன், விளக்கு எரிந்தது. இனி கட்டைகள் தாங்குகிறவரைதான். அண்ணாச்சி கயிற்றைப் பிடித்து இறங்கி, நெஞ்சு நிறைய இழுத்து, முங்கினார்.

உள்ளே நடந்ததை அவர் சொல்லிக் கேட்டது இது. இந்தத் தடவை தரையில் கால் ஊன்றவே இல்லை. கயிற்றில் காலைப் பின்னிக்கொண்டு தலைகீழாக நின்றார். இடது கையை முழுக்க நீட்டி, தரைக்கு ஒரு சாண் உயரத்தில், விளக்கைக் கிடைமட்டமாகப் பிடித்தார். முகத்துக்கு முன்னால் வெளிச்சமே இல்லை. அங்கே, கைக்கு அப்பால், தரை தெரிந்தது. சின்னக் கிளிஞ்சலுக்குக்கூட நீள நிழல். மூச்சு முட்டி மேலே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மதினி என் கையைப் பிடித்து நெரித்தாள்.

"தெரியுது தம்பி. எல்லாம் தெரியுது" என்றார். ஒரு குத்துவிளக்கின் திரியைத் தூக்கிவிடுகிறவர் குரல் போல அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

அடுத்த முங்கலில் ஒரு கரண்டியைக் கொண்டுவந்தார். சமையல்காரர் அது தன்னுடையது என்றார். அதற்கடுத்து வெறுங்கை. விளக்கு மஞ்சளாகிக்கொண்டு வருவதைத் தண்ணீருக்கு மேலேயே பார்க்க முடிந்தது. இன்னொரு தடவை போனார். நேரமாயிற்று. கயிறு அசையாமல் நின்றது. தவில்காரர் தன்னையறியாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வித்துவான் எழுந்து வந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். துண்டு வாயிலிருந்து விழுந்ததையும் கவனிக்கவில்லை.

தண்ணீர் பிளந்தது. முதலில் ஒரு கை வந்தது. அந்தக் கையில் பல்.

"மோட்டார்க் குழாய்க்கு அடியில, சிரிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு வே! என்னப் பாத்துத்தான் சிரிச்சுச்சு!"

அதற்கப்புறம் கிணற்றடியில் யார் என்ன பேசினார்கள் என்பது எனக்கு நினைவில்லை. எல்லோரும் பேசினார்கள். வித்துவான் பல்லை வாங்கி, கழுவி, திரும்பி நின்று பொருத்திக்கொண்டு நாகஸ்வரத்தைக் கொண்டுவரச் சொன்னார். சீவாளியை நனைத்து, சரிபார்க்கிறவர் மாதிரி இரண்டு ஸ்வரம் வாசித்தார். பிறகு கண்ணை மூடினார். பந்தல் வேலைக்காரர்கள் ஏணியிலேயே நின்றுவிட்டார்கள். கேதாரகௌளை என்று தவில்காரர் சொன்னார். எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. கிணற்றடிச் சேற்றில், துண்டைப் பிழியக்கூட மறந்து அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருந்தார். புறங்கை விளக்கு அந்த நேரத்தில்தான் அணைந்தது. மூச்சுக்கூட விடாமல், பேசாமல், தண்ணீருக்கு வெளியே அவ்வளவு நேரம் அவர் நின்றது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

மதினி போய் அவர் இடுப்பிலிருந்து குழலை அவிழ்த்தாள். தலைப்பால் துடைத்தாள். தட்டிப் பார்த்தாள், கட்டைகள் நிறைந்திருந்ததால் மணிச் சத்தம் வரவில்லை. "சரி, இது உங்களுக்கே இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தாள். பிறகு நல்லகண்ணுவின் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, சீர்ப் பாத்திரம் வாங்கினீகள்லா, அந்தக் கடையில புட்டுக் குழல் இருக்கா?" என்று கேட்டாள்.

நல்லகண்ணு சாயந்தரமே ஆளனுப்பித் தென்காசியிலிருந்து புதுக் குழல் ஒன்று வரவழைத்துவிட்டார். காலையில் தாலி ஏறும்போது கெட்டிமேளம் ஊர் எல்லைவரை கேட்டது. முகூர்த்தம் முடிந்து இலை போட்ட பிறகுதான் அவர் மெல்ல அண்ணாச்சியிடம் வந்து அந்தப் படிக்கல்லைப் பற்றி விசாரித்தார். போன வருஷத்திலிருந்து அரைக்கிலோவுக்கு இரண்டு கால்கிலோவை வைத்து நிறுத்துக்கொண்டிருக்கிறாராம். அது சமநிலைக்கு வேண்டும் என்று நான் பௌதிகம் சொல்லிப் பார்த்தேன். தன் கடைக்கும் அதுதான் வேண்டும் என்றார்.

ஆடியில் மைத்துனரே மலையிறங்கி வந்தார். மண்டிக்கு அழைக்க அல்ல. அவர்கள் வீட்டுக் கிணற்றில் விழுந்த பித்தளைக் குடத்தை எடுத்துத்தரக் கூப்பிட. புறங்கை விளக்கை யார் முதலில் யோசித்தது என்பதில் இன்றுவரை வழக்கு தீரவில்லை. தன் லாரி என்கிறார் ஏசுதாசன். தன் அடுப்படி என்கிறாள் மதினி. பௌதிகம் என்கிறேன் நான். மூன்று பேரும் கரையில்தானே நின்றீர்கள் என்கிறார் அண்ணாச்சி.

இது எண்பத்தைந்தாம் வருஷம். நான் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறேன். பலவேசம் அண்ணாச்சி மேலகரத்தில் அதே வீட்டில் இருக்கிறார். பாவூர்சத்திரம் முதல் செங்கோட்டைவரை கிணறுகளில் முங்குகிறார். அந்தப் புட்டுக் குழல் விளக்கு அடுக்களை ஆணியில், புதுக் குழலுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. படிக்கல்லும் அவரிடம்தான் இருக்கிறது.